ஷட்டர் இறக்கிய ரிங்

டெபோராவுக்கு வேண்டியது ஓர் இடது கை. அடுத்த மாதம் அவளுடைய சாம்பியன் பெல்ட்டைப் பறிக்க வரப்போகிறவள் இடக்கைக்காரி. அப்படி ஒருவரோடு மோதிப் பழகாமல் ரிங்கில் ஏறினால் அடி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ராயபுரத்தில் தரமான இடது கை ஒன்றுதான் இருந்தது. அந்தக் கையோடு ஃப்ரெடியும் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் தொல்லை.

ஃப்ரெடி ஒரு காலத்தில் மாநில அளவில் ஆடியவன். இப்போது பாக்ஸிங் கிளப் செயலாளர் சவரிநாதனுக்கு மருமகன். அவனிடம் மிச்சமிருந்த பட்டம் அதுதான். டெபோராவோடு ஸ்பாரிங் செய்ய, அதாவது பயிற்சிக்காக மோத, ஒப்புக்கொண்டான், ஷட்டரை இறக்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"பொம்பளகிட்ட அடி வாங்குறான்னு ஒருத்தன் பார்த்தா போதும்மே, காசிமேடு பூரா ஓட்டுவானுங்க."

"அடி வாங்காம பார்த்துக்கோண்ணா," என்றாள் அவள்.

கிளப் முன்பு ஐஸ் கிடங்காக இருந்த இடம். ஷட்டர் இறங்கினால் உள்ளே அடுப்பு. ஃப்ரெடி சோம்பலாகச் சுற்றி வருவான்; ஈ ஓட்டுகிறவன் போல இடது கையை நீட்டுவான்; இரண்டு அடி பட்டதும் கிளவுஸைக் கழற்றித் தண்ணீர் கேட்பான். பார்க்க ஆளில்லாத இடத்தில் தோற்பது அவனுக்குச் சுகமாகவே இருந்தது. டெபோராவுக்குத்தான் நாள் வீணாகிக்கொண்டிருந்தது. இதை விட்டால் வேறு ரிங் கிடையாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கிளப் வாசலில் அவளுக்குப் பாராட்டு விழா. ஃப்ளெக்ஸில் சவரிநாதன் கைகூப்பி நின்றார். பக்கத்தில் கோட்டு போட்ட ஃப்ரெடி. மூலையில், தபால்தலை அளவில், டெபோரா. போட்டோவுக்காகப் பெல்ட்டைத் தன் இடுப்பில் கட்டப் பார்த்தார் சவரிநாதன். தொப்பை இடம் கொடுக்கவில்லை. பின்னாலிருந்து இரண்டு பேர் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பொண்ணுகிட்ட இன்னா கீது? ஒண்ணுமில்ல! எல்லாம் நம்ம ஃப்ரெடி சொல்லிக்குடுத்தது. டெய்லி அட்ச்சு அட்ச்சு செதுக்குனான்யா!"

விசில் பறந்தது. ஃப்ரெடி அடக்கமானவன் முகத்தை வைத்துக்கொண்டான். நாள்பட்ட வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல டெபோரா அந்த முகத்தைப் பார்த்தாள். மைக்கை வாங்கினாள்.

"ஆமா, ஃப்ரெடிண்ணா டெய்லி அடிக்குது. உள்ள பூட்டிக்கினு அடிக்கிறதால உங்களுக்குத் தெரியல. நாளைக்கு சாயங்காலம் ஷட்டர் தொறந்துதான் இருக்கும். அல்லாரும் வந்து பாருங்க."

சவரிநாதன் கைதட்டினார். புரியாமல் தட்டினாரா, வேறு வழியில்லாமல் தட்டினாரா என்று ஆராயும் அளவுக்கு அவர் முக்கியமானவர் இல்லை.

மறுநாள் கன்டெய்னர் லாரி டிரைவர்களும் மீன்காரப் பெண்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஃப்ரெடியை அவன் மனைவி கிறிஸ்டினாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். புருஷன் சாம்பியனை அடிப்பதைப் பார்க்க அவளுக்கும் ஆசை.

மணி அடித்ததும் ஃப்ரெடி வேறு ஆளானான். அவள் பாதத்தை மிதித்து, அவள் நகர முடியாத நொடியில் இடது கையை நேராக இறக்கினான். உதடு கிழிந்தது.

"அப்டிப் போடு மாமு!" என்று கத்தினான் ஒரு லாரி டிரைவர்.

டெபோரா ரத்தத்தை விழுங்கினாள். இத்தனை நாள் இந்தக் கையை எங்கே வைத்திருந்தான்? காலை அவன் காலுக்கு வெளிப்பக்கம் வைத்து நகரப் பழகினாள். கை புறப்படும் முன் அவன் தோள் லேசாகத் தாழ்வதைக் கண்டுகொண்டாள். இரண்டாவது ரவுண்டில் தோள் தாழ்ந்ததும் அவளுடைய வலது கை அவன் வயிற்றில் இறங்கியது. ஃப்ரெடி உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாபா, உக்காந்துக்கினு செதுக்கப் போறியா?" என்றாள் ஒரு மீன்காரி. கூட்டம் சிரித்தது.

"தோளு புட்ச்சிகிச்சு," என்று கிளவுஸ் நாடாவை அவிழ்க்கப் போனான். டெபோரா குனிந்து அதைத் திரும்ப இறுக்கிக் கட்டினாள்.

"இன்னும் ரவுண்டு கீதுண்ணா. எந்திரி."

சவரிநாதன் நைசாக ஷட்டர் பக்கம் நகர்ந்தார். அங்கே அவர் மகள் கிறிஸ்டினா நின்றிருந்தாள், முகம் சிவந்து.

"கை வெச்சே, நடக்குறதே வேற நைனா. தொறந்தே இருக்கட்டும். எந்திரிச்சு அடிக்கட்டும் அந்தாளு."

பார்க்க ஆளிருந்தது. ஃப்ரெடி எழுந்தான். டெபோராவுக்கு வேண்டிய இடது கை மறுபடி மேலே வந்தது.