பத்தொன்பது நாள் நிறுத்தம்

பேருந்து நிறுவனத்தில் அவருக்கு ‘நிமிஷம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக நகரத்துப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுவதுதான் வேலை. ஒரு வண்டியில் இறங்குகிறவர் சாலையைக் கடந்து இன்னொரு வண்டியைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தானே நடந்து பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவார். முழங்கால் வலிக்காரர் மாதிரி மெதுவாக ஒரு முறை, அவசரக்காரர் மாதிரி ஒரு முறை. ஓட்டுநர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தாலும், தேநீர் குடிக்க அவகாசம் விட்டு அட்டவணை போடுகிற ஆள் அவர் ஒருவர்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு முறை திட்டம் போடுவதில் பொய் சொன்னார். அதையும் கட்டிய மனைவியிடம் போய்ச் சொன்னார்.

திட்டம் மனைவியின் ஆசையில் ஆரம்பித்தது. டென்மார்க்கில் இறங்கி, சுவீடன் வழியாக நார்வே போக வேண்டும். அங்கே ஃபியோர்டு என்கிறார்களே, மலைகளுக்கு நடுவே கடல் வெகுதூரம் உள்ளே புகுந்து நிற்கிற இடம், அதில் படகில் போக வேண்டும். அதுவும் மே மாதத்தில்தான். மேலே கிடக்கிற பனி அப்போதுதான் உருகி, திரும்பின பக்கமெல்லாம் அருவியாகக் கொட்டுமாம். கோடை முற்றிவிட்டால் பாதி அருவி வற்றிப்போகும். வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குக் கைபேசியில் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள நேரத்துக்கா பஞ்சம்?

இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. திங்கள், புதன், வெள்ளி என்றால் இயந்திரம். குடிக்க ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். தேநீர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் அவர் பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பார். இதில் கொடுமை என்னவென்றால், அவள் இருபத்திரண்டு வருடம் குடிநீர் வாரியத்தில் புகார் பிரிவில் உட்கார்ந்திருந்தவள். ‘எங்க தெருவுல தண்ணி வரல’ என்று ஊரே அவளிடம் சண்டை போட்டிருக்கிறது. எல்லோர் வீட்டுக்கும் தண்ணீர் அனுப்பி வைத்தவளுக்கு இப்போது மாலை ஐந்து மணிக்கே பாட்டில் காலியாகிவிடும்.

“குடிக்கத்தான் விடமாட்டேங்கிறாங்க. கொட்டுறதக் கண்ணால பாக்கக்கூடவா கூடாது?” என்று கேட்டாள்.

அவரால் மறுக்க முடியவில்லை. தன்னுடைய சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று முதல் வருடமே போய் நின்றவர் அவர். சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்குக் கொடுக்கத் தன்னிடம் பெரிதாக ஏதும் இல்லை என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. இது கொடுக்க முடிகிற ஒன்றாகத் தெரிந்தது.

சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதத்தைப் பரப்பினார். மற்றவர்கள் பயணத் திட்டம் போட்டால் எதைப் பார்ப்பது, எங்கே தங்குவது என்று ஆரம்பிப்பார்கள். இவர் ஏழு டயாலிசிஸில் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை இங்கே இயந்திரத்தை முடித்துக்கொண்டு சனிக்கிழமை விமானம். திங்களும் புதனும் டென்மார்க் தலைநகரில். அடுத்த வெள்ளியும் திங்களும் சுவீடனில். புதன் நார்வே தலைநகரில். கடைசி வெள்ளியும் திங்களும் ஃபியோர்டு பக்கத்து ஊரில் ஒரு சின்ன மருத்துவமனையில். பத்தொன்பதாம் நாள், புதன்கிழமை காலை, ஊர் திரும்பி மதியமே வழக்கமான நாற்காலி. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மின்னஞ்சல் எழுதினார். ரத்தப் பரிசோதனை கேட்டார்கள், அனுப்பினார். நான்கு ஊரிலும் இடம் கிடைத்தது. அன்று அவள் காகிதத்தை எடுத்து இரண்டு தடவை படித்துவிட்டு, “உங்கள என்னவோன்னு நெனச்சேன்” என்று மட்டும் சொன்னாள். அவருக்கு அது போதும்.

மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில்தான் வினை வந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: “நாட்ட விட்டுப் போற நாளெல்லாம் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிற பட்டியல்ல அம்மா பேர நிறுத்தி வைக்கணும். தெரியும்ல?”

“நிறுத்தி வைக்கணும்னா?”

“சீனியாரிட்டி போகாது. ஆனா அந்த நாள்ல பொருந்துற கிட்னி வந்துச்சுன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

வெளியே வந்த நிமிஷம் மனத்துக்குள் கணக்குப் போட்டார். ஆறு வருடத்தில் இரண்டே தடவைதான் அழைப்பு வந்திருக்கிறது. முதல் தடவை பரிசோதனையில் பொருந்தவில்லை. இரண்டாவது தடவை இவள் இரண்டாமிடம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் காத்திருந்து, மதியம் முதலிடத்துக்காரருக்கே வைத்துவிட்டோம் என்றார்கள். அன்றிலிருந்து குளிக்கப் போனால்கூடக் கைபேசியைக் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் குளிப்பார். மூன்றாவது அழைப்பு அந்தப் பத்தொன்பது நாளில் வந்துவிட்டால்?

அலுவலகத்துக்குத் திரும்பியவர், ஃபியோர்டு ஊர் மருத்துவமனைக்கு இரண்டு வரி எழுதினார். நாங்கள் வரவில்லை, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். சாயங்காலம் மனைவியிடம், “அந்த ஊர்ல இடம் இல்லன்னு எழுதிட்டாங்க. அது இல்லாம போயி என்ன பிரயோஜனம்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். அருவி இல்லாத வெறும் நகரங்களுக்காக அவள் அடம்பிடிக்க மாட்டாள் என்பது அவர் போட்ட கணக்கு.

அவள் “சரி” என்று காகிதங்களை அடுக்கி மேசை இழுப்பறையில் வைத்தாள். சண்டை போடவில்லை, துருவித் துருவிக் கேட்கவில்லை. சட்டினி அரைக்கிற இயந்திரம் வாங்குவதற்கே மூன்று நாள் வாதாடுகிறவள் இதற்கு ‘சரி’ என்கிறாளே என்று அவருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தப்பித்தோம் என்ற நிம்மதியில் உறைக்கவில்லை. ஆனால் அந்த நிம்மதி நிலைக்கவும் இல்லை. காலையில் பாட்டிலில் தண்ணீர் ஊற்றும்போது அவள் பக்கம் நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, அவள் நாற்காலியில் இருந்தபோது டயாலிசிஸ் பிரிவின் பெரிய சிஸ்டர் ஒரு கோப்போடு வராந்தாவுக்கு வந்தார்.

“சார், இந்தப் படிவத்துல உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அம்மா எப்பவோ போட்டுட்டாங்க. நீங்க போட்டாத்தான் மேல அனுப்ப முடியும்.”

பட்டியலில் தற்காலிகமாக நிறுத்தி வைக்கக் கோரும் படிவம். கீழே அவளுடைய சற்றுச் சாய்ந்த கையெழுத்து. தேதியைப் பார்த்தார். டாக்டர் அவரிடம் சொல்வதற்கு ஒரு மாதம் முந்திய தேதி. பக்கத்தில் குடும்பத்தினர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

உள்ளே போய் அவள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். குழாய்களில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. ஆறு வருடம் பார்த்தும் அவருக்கு இன்னும் பழகவில்லை.

“எப்போ போட்ட இத?”

“நீங்க முதல் ஊருக்கு மெயில் அனுப்பின அன்னிக்கு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“சொல்லியிருந்தா ரெண்டாவது ஊருக்கு அனுப்பியிருப்பீங்களா?”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, “அந்த ஊர்ல இடம் இருந்துச்சு. நான்தான் வேண்டாம்னு எழுதினேன்” என்றார்.

“தெரியும்.”

“எப்படி?”

“ஏழு நிமிஷ இடைவெளியில ரெண்டு பஸ்ஸச் சேத்து வைக்கிற ஆளு நீங்க. ஒரு ஊர்ல இடம் இல்லன்னதும் கையக் கட்டிட்டு உக்காந்துட்டீங்க. பக்கத்து ஊரப் பாக்கல, வேற நாளப் பாக்கல. ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியுதா உங்களுக்கு?” என்றாள். சிரிக்கவில்லை. “நானும் ஒண்ண மறச்சிருந்தேன். அதனாலதான் வாயத் திறக்கல.”

“அந்தப் பத்தொம்பது நாள்ல வந்துடுச்சுன்னா?”

“வந்தா அடுத்தவங்களுக்குப் போகும். அங்கயும் ஒருத்தர் போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு.”

“நான் அடுத்தவங்களக் கேக்கல.” அவர் சத்தமாகவே சொல்லிவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் நாகரிகமாகக் கண்ணை மூடிக்கொண்டார். “நாம படகுல இருக்கும்போது இங்க வந்து, அது போயி, அப்புறம் உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் எப்படி இருப்பேன்?”

இயந்திரம் ஏதோ சத்தம் போட்டது, சிஸ்டர் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்.

“அழுவீங்க,” என்றாள். “போகாம இங்கயே இருந்து எனக்கு ஒண்ணு ஆனாலும் அழுவீங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்கு இல்ல, எனக்குத்தான். அருவியப் பாத்திருப்பேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த ஆறு வருஷமா நீங்க எம்மூஞ்சியப் பாத்துப் பேசல. பேச்சு எங்கிட்ட, கண்ணு போன் மேல. பத்தொம்பது நாள் அது அடிக்காதுன்னு தெரிஞ்சா என்னப் பாப்பீங்கள்ல? எனக்கு அதுவும் வேணும்.”

அப்போதும் அவருடைய கை சட்டைப் பையில் கைபேசி மேல்தான் இருந்தது. அதைக் கவனித்துக் கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவளுடைய ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மதியமே ஃபியோர்டு ஊருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். மறுநாள் பதில் வந்தது. கடைசித் திங்கள்கிழமை இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை இடத்தை வேறொரு பயணிக்குக் கொடுத்துவிட்டோம். அப்படியென்றால் வெள்ளியையும் நார்வே தலைநகரிலேயே முடித்துக்கொண்டு, அன்று மதியம்தான் ரயில் ஏற முடியும்.

“வியாழக்கிழமையே போயிருக்க வேண்டியது. என் ரெண்டு நாளத் தின்னுட்டீங்க” என்றாள். அதில் விளையாட்டு இல்லை. சாயங்காலம் வரை அவரிடம் பேசவில்லை. அவர் அதை வாங்கிக்கொண்டு, இழுப்பறையிலிருந்து காகிதங்களை எடுத்து மறுபடி பரப்பினார். வெள்ளி காலை ஏழு மணிக்கு முதல் நாற்காலி கேட்டு எழுதி, பதினொன்றரைக்கு வெளியே வந்து, மதிய ரயில் பிடித்து, ராத்திரிக்குள் போய்ச் சேர்வதாக மாற்றினார். சனி, ஞாயிறு, இரண்டு நாளும் படகு. திங்கள் டயாலிசிஸ் முடிந்த பிறகும் வெளிச்சம் இருக்கும். மருத்துவமனைக்குப் பின்னாலேயே ஓர் அருவி இருப்பதாக வரைபடத்தில் கண்டுபிடித்து அதையும் சேர்த்தார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை பெரிய சிஸ்டர் படிவத்தை நாற்காலிக்கே கொண்டுவந்தார். நிமிஷம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கையெழுத்துப் போட்டார். அது அவர் கையெழுத்து மாதிரியே இல்லை. பிறகு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று கேட்டிருந்த கட்டத்தில் தேதிகளை எழுதினார். திரும்பி வருகிற தேதிக்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, காலை 6.40 என்று எழுதினார்.

“சார், இதுல நேரமெல்லாம் கிடையாது. தேதி போதும்” என்றார் சிஸ்டர்.

“அன்னிக்குக் காலையில ஆறு நாப்பதுக்கு விமானம் இறங்குது சிஸ்டர். தேதி மட்டும் போட்டா யாராவது ஆபீஸ் திறந்து, சாவகாசமா மத்தியானம் ஏத்துவாங்க. அதுக்குள்ள வந்துடுச்சுன்னா? ஆறு நாப்பதுல இருந்து அவ பேரு பட்டியல்ல இருக்கணும்.” கேட்கிற குரலில் சொல்ல நினைத்தார், கெஞ்சுகிற குரல்தான் வந்தது.

சிஸ்டர் அவரையும் படிவத்தையும் பார்த்தார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. “அன்னிக்குக் காலை ஷிப்ட்ட நான் கேட்டு வாங்கிக்கிறேன். நீங்க சொல்ற நேரத்துக்கு நானே போன் பண்ணி ஏத்தச் சொல்றேன். சரியா?” என்றார்.

நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் அப்போதுதான் பேசினாள்.

“இறங்கி, பெட்டி வந்து, வெளிய வர்றதுக்கு அரை மணி நேரம் ஆகும். ஏழு பத்துன்னு போடுங்க.”

“அந்த அரை மணி நேரத்துல என்ன இருக்கு?”

“பெட்டிக்காகப் பக்கத்துல பக்கத்துல நின்னுட்டிருப்போம்ல,” என்றாள். “போன் அடிக்காத அந்த அரை மணி நேரமும் எனக்கு வேணும்.”

சிஸ்டர் காத்துக்கொண்டிருந்தார். நிமிஷம் பேனாவைப் பிடித்தபடி அந்த எண்ணையே பார்த்தார். பிறகு 6.40ஐ அடித்துவிட்டு, மேலே 7.10 என்று எழுதினார்.