நாலாவதா வாசிச்ச பொண்ணு

எங்க வீட்டுக்காரர் கண்டக்டர். உடனே எந்த ரூட்டுன்னு கேட்காதீங்க, அந்த ஜோக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. இருபத்தோரு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னாடி நின்னு கோல் ஆட்டுறவரு அவரு. நான் அங்க எடுபிடி. நாற்காலி போடுறது, தந்தி அறுந்தா மாத்துத் தந்தி குடுக்கிறது, மேடைக்குப் போறதுக்கு முன்னாடி வாந்தி எடுக்கிற பிள்ளைக்குத் தலையைப் பிடிச்சு விடுறது, எல்லாம் என் தலையிலதான். சம்பளம் அவருக்கு, முதுகுவலி எனக்கு.

வருஷத்துக்கு மூணு கச்சேரி. ஒவ்வொண்ணுலயும் ஒரு பிள்ளை முன்னாடி வந்து தனியா வாசிக்கும், மத்தவங்க பின்னாடி இருந்து துணைக்கு வாசிப்பாங்க. முன்னெல்லாம் அந்த இடம் பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்குத்தான் போகும். எங்க வீட்டுக்காரர்தான் கமிட்டியோட மல்லுக்கட்டித் திரையைக் கொண்டுவந்தாரு. வாசிக்கிறவங்க திரைக்கு அந்தப் பக்கம், மார்க் போடுற மூணு பேர் இந்தப் பக்கம், அதுல எங்க வீட்டுக்காரரும் ஒருத்தர். செருப்புச் சத்தத்தை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு தரையில கம்பளம். பேசக் கூடாது, இருமக் கூடாது. நான் உள்ள நின்னு நம்பர் மட்டும் சொல்லுவேன். திரை விலகினப்புறம் மார்க்கைத் தொடக் கூடாது. அந்த விதியும் அவரு போட்டதுதான்.

இந்த வருஷம் மூணாவது கச்சேரி வயலினுக்கு. போட்டிக்கு வந்தது அஞ்சு பேர். அதுல ஒருத்தி எங்க பொண்ணு குட்டி. இன்னொருத்தி நெட்டை.

நெட்டையைப் பத்திச் சொல்லணும். சின்னப் பிள்ளையா இருந்தப்பவே எங்க வீட்டுக்கு வந்துட்டா. அப்பன் விட்டுட்டுப் போயிட்டான், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில சாயங்கால வேலை. வேலை முடிஞ்சு அம்மா வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் ரெண்டு பிள்ளைங்களும் எங்க பின்கட்டு ரூம்ல நின்னு வாசிச்சுட்டே இருக்கும். சண்டையும் அங்கதான், சாப்பாடும் அங்கதான். வில்லைத் திருப்புற இடத்துல குட்டிக்கு ஒரு சின்ன இழுப்பு உண்டு. சேர்ந்து வாசிச்சு வாசிச்சு அது நெட்டைக்கும் தொத்திக்கிச்சு. அந்த இழுப்பை விடு விடுன்னு எங்க வீட்டுக்காரர் குட்டியைத் திட்டாத நாள் கிடையாது.

குட்டிக்கு வயசு பதினெட்டு, இன்னும் காலம் கிடக்கு. நெட்டைக்கு அப்படி இல்ல. கச்சேரி முடிஞ்ச கையோட அவளுக்கு இருபத்தொண்ணு ஆகிடும், அப்புறம் ஆர்கெஸ்ட்ராவுல இடம் கிடையாது. இசைக் கல்லூரிக்காரங்க ஆர்கெஸ்ட்ராவோட தனியா வாசிச்ச பதிவு இருக்கான்னுதான் முதல்ல கேட்பாங்க. இந்தத் தடவை விட்டா அவளுக்கு வேற வழியே இல்ல. இது எங்க மூணு பேருக்கும் தெரியும். என் பொண்ணே, "அம்மா, அவளுக்குத்தான் கிடைக்கணும்"னு சொல்லிட்டுத்தான் போட்டிக்கு வந்தா.

அன்னைக்குக் குட்டி ரெண்டாவதா வாசிச்சா. அந்த இழுப்பே இல்ல! எனக்கே ஆச்சரியமாப் போச்சு. அப்பாவை அசத்தணும்னு யாருக்கும் தெரியாம காலேஜ்ல உக்காந்து சரி பண்ணியிருக்கா, கள்ளி. நல்லாத்தான் வாசிச்சா. நாலாவது நெட்டை. அம்மாடி! மெதுவான பகுதி வந்தப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கண்ணை மூடிக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, உயிரைக் குடுத்து வாசிச்சா. முடிச்சுட்டு என்னைப் பார்த்தா. பேசக் கூடாதே, அதனால கையை மட்டும் பிடிச்சு அழுத்தினேன். முடிஞ்சுது, ஜெயிச்சுட்டான்னு நினைச்சேன்.

கூட்டிப் பார்த்தப்போ குட்டி முதல், நெட்டை ரெண்டாவது. திரையை விலக்கிப் பேரைச் சொன்னதும் நெட்டைதான் முதல்ல ஓடி வந்து குட்டியைக் கட்டிப் பிடிச்சா. எங்க வீட்டுக்காரர் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தாரு. பொண்ணு ஜெயிச்ச சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிட்டாருன்னு பக்கத்துல இருந்த பியானோ டீச்சர் சிரிச்சாங்க.

வீட்டுக்கு வந்து குட்டி குளிக்கப் போனதும் சமையல்கட்டுல வந்து நின்னாரு.

"நாலாவது ஆளு குட்டின்னு நினைச்சுட்டேன்."

"என்னது?"

"அதே இழுப்பு. நெட்டைக்கும் அது உண்டுன்னு நான் கவனிச்சதே இல்ல, என் பொண்ணேதான்னு நினைச்சேன். பொண்ணுக்குச் சலுகை காட்டினான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாதுன்னு மார்க்கைக் குறைச்சுட்டேன். ரெண்டாவது வாசிச்சதுல இழுப்பே இல்ல, அதை நெட்டைன்னு நினைச்சு..."

"நினைச்சு?"

"அள்ளிப் போட்டேன்."

எனக்கு வந்த கோவத்துல கையில இருந்த கரண்டியைத் தூக்கி எறிஞ்சேன். "ஆளைப் பார்க்கக் கூடாதுன்னு திரையைக் கட்டினதே நீங்கதானேய்யா! கட்டிட்டு உள்ள யாருன்னு நீங்களே ஜோசியம் பார்த்தீங்களா? காதுல விழுந்ததுக்கு மார்க் போட்டிருந்தா போதாதா? நியாயஸ்தன்னு பேர் வாங்கணும், அதுக்கு ஒரு பொண்ணு வாழ்க்கையா கிடைச்சுது உங்களுக்கு?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்ல, அன்னைக்குப் பார்த்தேன். அப்பவும் எனக்கு இரக்கம் வரலை.

மறுநாளே கமிட்டியில போய் உண்மையைச் சொன்னாரு, அதுவரைக்கும் சரி. அவங்க அவரோட விதியையே எடுத்து அவருக்குக் காட்டினாங்க. ஒருத்தருக்காக மாத்தினா நாளைக்கு எல்லா அப்பா அம்மாவும் வாசல்ல வந்து நிப்பாங்க, விஷயம் இந்த ரூமைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

"நெட்டைகிட்டயாவது சொல்லுங்க"ன்னேன்.

"கச்சேரி முடியட்டும். இப்ப சொன்னா ரெண்டு பிள்ளைங்களும் உடைஞ்சு போயிடும். முதல் வயலின் வரிசையே அவளை நம்பித்தான் இருக்கு."

பார்த்தீங்களா, அங்கயும் ஆர்கெஸ்ட்ராதான்! தினமும் சண்டை போட்டேன். ஆனா சொன்னா, தன்னை வேணும்னே கீழ இறக்கப் பார்த்த அப்பனைக் குட்டியும் தெரிஞ்சுக்குவாளே. அந்த ஒண்ணுதான் என் வாயைக் கட்டிப் போட்டுச்சு.

நெட்டை ஒத்திகைக்கு ஒழுங்கா வந்தா. குட்டிக்கு எங்க வேகம் குறையணும், எங்க மூச்சு விடணும்னு அவளே சொல்லிக் குடுத்தா. ஆனா எங்க வீட்டுப் பின்கட்டுக்கு வர்றதை நிறுத்திட்டா. ஒருநாள் வழியில பிடிச்சுக் கேட்டேன்.

"எனக்கு அவ்வளவுதான் வரும் போல ஆன்ட்டி"ன்னு சிரிச்சா. "என்னால முடிஞ்ச வரைக்கும் வாசிச்சேன். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை.

கச்சேரி நல்லா நடந்துச்சு. குட்டி ஒரு இடத்துலயும் தடுமாறலை. முடிஞ்சதும் தனியா வாசிச்சவங்க முதல் வயலின் வரிசைத் தலைவிக்குக் கை குடுக்கணும், அதுதான் வழக்கம். அந்தத் தலைவி நெட்டைதான். குட்டி கை குடுத்தா, நெட்டை எழுந்து அவளை இழுத்து அணைச்சுக்கிட்டா. அரங்கமே எழுந்து கை தட்டுச்சு. நான் திரை ஓரமா நின்னு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டேன்.

கூட்டம் கலைஞ்சப்புறம் நெட்டை எனக்கு ஒத்தாசையா நாற்காலியை அடுக்கிட்டிருந்தா. எங்க வீட்டுக்காரர் மேடையேறி வந்தாரு. நான் முறைச்ச முறைப்புல வந்தாருன்னே வச்சுக்கோங்க. சுத்தி வளைக்காம எல்லாத்தையும் சொல்லிட்டாரு.

நெட்டை கையில இருந்த நாற்காலியைக் கீழ வச்சா.

"அப்ப நான் நல்லா வாசிச்சேனா சார்?"

"எல்லாரையும் விட நல்லா வாசிச்சே."

அவ முகம் அப்படியே மலர்ந்துச்சு. அப்புறம் மெதுவா அது வாடிப் போச்சு.

"எனக்கு வராதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேனே சார். லாண்டரியில சேர்த்து விடச் சொன்னேன், திங்கட்கிழமையிலேர்ந்து வேலை."

பின்னாடி சத்தம் கேட்டுத் திரும்பினேன். குட்டி நிக்கிறா, கையில பூங்கொத்தோட. எவ்வளவு நேரமா நிக்கிறாளோ.

"நான்னு நினைச்சுத்தான் குறைச்சீங்களாப்பா?"

ஆமாங்கிற மாதிரி அவரு தலையை ஆட்டினாரு.

"அந்த இழுப்பை விட்டது உங்களுக்காகப்பா. நான்னு தெரியவே இல்லையா உங்களுக்கு?"

நெட்டை வயலினைப் பெட்டியில வச்சு மூடினா.

"இத்தனை வருஷம் உங்க வீட்டுல வளர்ந்தேன் சார். ஒருநாளாவது நீங்க என்னை உங்க பொண்ணுன்னு நினைக்க மாட்டீங்களான்னு ஏங்கியிருக்கேன். நினைச்சீங்க. உங்க பொண்ணா இருந்தா வர்ற நஷ்டம் மட்டும் எனக்கு வந்துச்சு."

பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் படியிறங்கினா. குட்டி பூங்கொத்தை நாற்காலி மேல போட்டுட்டு அவ பின்னாடியே ஓடினா.

"நில்லும்மா"ன்னு எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டாரு. ரெண்டு பேருமே திரும்பிப் பார்க்கலை.