மாத்திரை இறுகும் பதம்

2004-இல் திருநீர்மலைச் சாலையில் இருந்த மாத்திரைக் கம்பெனியில், ஞானசௌந்தரி தன் கணவனை எவ்வளவு சந்தேகப்பட்டாளோ அவ்வளவுக்கு மாத்திரைகள் இறுகின. கணவன் வில்பிரட் மாவை அழுத்தி மாத்திரையாக்கும் இயந்திரத்தை ஓட்டினான். பக்கத்து மேசையில் அவள் அவற்றின் கடினத்தைச் சோதித்தாள். அவனை முழுக்க நம்பிய நாட்களில் மாத்திரைகள் விரல் பட்டதும் உதிர்ந்தன. அவன் சட்டையில் யாருடையதோ சென்ட் வாசனை அடித்த மறுநாள் கல்லாகிவிட்டன. காலையில் தண்ணீரில் போட்ட ஒன்று, அன்றைய பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடிக் கலைந்த பிறகும் கரையாமல் கிடந்தது.

மேலாளர் தயாளன் அழுத்தத்தைக் கூட்டினார், வேகத்தைக் குறைத்தார், மாவின் ஈரத்தை மாற்றினார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவர்கள் இருவர் முகத்தையும் கவனித்து விஷயத்தைப் பிடித்தார். லேசான சந்தேகம்தான் சரியான பதம். அதன்பின் வில்பிரட்டின் செல்போனுக்குத் தினமும் ஒரு மிஸ்டு கால் வந்தது. மாத்திரைகள் உதிராமலும் கல்லாகாமலும் இறங்கின. ஆர்டர்கள் குவிந்தன.

வீட்டில் பேச்சு நின்றது. பரங்கிமலை மாதா முன்னால் வில்பிரட் சத்தியம் செய்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை. அவன் பாதிச் சோற்றில் எழுந்துகொண்டான்; இளைத்துப் போனான். ஒரு பகல், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் போனைப் பிடுங்கி, மிஸ்டு கால் வந்த எண்ணை அழுத்தினாள். தயாளனின் மேசை இழுப்பறைக்குள் மணி அடித்தது.

“இன்னா சார் இது?”

“கம்பெனி நல்லதுக்குத்தாம்மா. நீ இவர நம்பிட்டா மாத்திரை உதிருது. வேற வழி தெரியல.”

“அதுக்கு எங்க குடும்பத்த உதிர்ப்பீங்களா? இந்த மனுசன் வயிறாரத் துன்னு எவ்ளோ நாளாவுது தெரியுமா?”

மறுநாள் இருவரும் வேலையை விடுவதாகச் சொல்லத்தான் வந்தார்கள். ஏற்கெனவே கொட்டிய மாவையாவது முடித்துக் கொடுக்கும்படி தயாளன் கெஞ்சினார். அவள் இப்போது கணவனை முழுக்க நம்பியதால், உதிரப்போகும் மாவைப் பிடிக்க எல்லோரும் தட்டோடு நின்றார்கள். மாத்திரைகள் பழுதில்லாமல் இறங்கின. ஞானசௌந்தரி ஓரக்கண்ணால் தயாளனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் யார்மேல் என்பது மாத்திரைகளுக்குப் பொருட்டில்லை.

அவர்கள் வேலையை விடவில்லை. வில்பிரட் உடம்பு தேறினான். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் இத்தனை சீரான தரம் எப்படி என்று கேட்டபோது, “அந்தம்மா என்னை நம்பாத வரைக்கும் குறை வராது சார்” என்றார் தயாளன். அவர்களும் தலையாட்டி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதன்பின் தயாளன் லீவு எடுக்கும்போதெல்லாம் ஞானசௌந்தரியிடம் காரணத்தைப் பாதி மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.