மூன்று நாள் பயிற்சி

"மூன்று நாள் பயிற்சியை முழுமையாகப் பெற்றார்" என்று அச்சடித்த படிவத்தை மனேஜர் யோகநாதன் என் மோட்டார் சைக்கிள் சீற்றில் விரித்தார். பேனையையும் மூடி கழற்றித் தந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிவத்தில் பெயர் எழுதியிருந்த பிரசாந்தன் முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நேற்றுத்தான் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

"ஒரு கையெழுத்துத்தானே, மாஸ்டர். பழகின ஆள் பிழை விட்டிட்டான் எண்டு முடிச்சிடலாம். இல்லாட்டிக் கொம்பனியின்ரை தலையிலை விடியும்."

முடித்துவிடலாமாம். பிழை அவனுடையது என்று எழுதிவிட்டால் அவனுக்கு நட்டஈடும் இல்லை, இனி ஒருவரும் அவனை நம்பி வேலை கொடுக்கவும் மாட்டார்கள். மூன்று நாளாம், வெட்கமில்லாமல்! மண் கிண்டுகிற பெக்கோ ஓட்டுகிறவர்களுக்கு வண்டியைப் பழுதாக்காமல், ஆளைக் கொல்லாமல் வேலை செய்யப் பழக்கத்தான் நான் கிளிநொச்சியிலிருந்து வந்தேன். குளக்கட்டு வேலை பிந்துகிறது என்று முதல் நாள் மத்தியானமே எல்லாரையும் அள்ளிக்கொண்டு போனவர் இதே மனுசன்.

அந்த அரை நாளை நினைத்தால் என்மீதும் கோபம் வருகிறது. பிரசாந்தன் பெக்கோவை வேகமாகக் கொண்டுவந்து, முன்வாளியை நிலத்தில் ஊன்றி நிறுத்திக் காட்டினான். பிறேக் இல்லாத வண்டியை இங்கே எல்லாரும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். காய்ந்த நிலத்தில் அது சரிவரும். பொடியள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"பிறேக் பிடிக்குதில்லை, மாஸ்டர். மனேஜரிட்டை மூண்டு தரம் சொல்லிட்டன்," என்றான் இறங்கி வந்து.

"நாளைக்குப் பிறேக் பாடம்தான். அப்ப பாப்பம்," என்றேன்.

நாளைக்கு என்று ஒரு பாடம் நடக்கவேயில்லை. நான்காம் நாள் மழையில் ஊறிய குளக்கட்டில் அவன் வாளியை ஊன்றியிருக்கிறான். வாளி சேற்றை வழித்துக்கொண்டு வர, வண்டி அவனோடு சரிந்தது.

பேனையை வாங்கி "மூன்று நாள்" என்பதை வெட்டினேன். 'அரை நாள் மட்டும். பிறேக் இல்லை என்று மனேஜரிடமும் சொல்லியிருந்தான், என்னிடமும் சொன்னான். வண்டியை அன்றே நிறுத்தாதது என் பிழையும்தான்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

யோகநாதன் நின்று நிதானமாக வாசித்தார்.

"இது உங்களையும் எல்லே இழுக்குது?"

"ஓம். இழுக்கட்டும்."

அவர் கோபப்படவில்லை. படிவத்தை நான்காக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு ஃபைலைத் திறந்து, அதே போல இன்னொன்றை உருவி சீற்றில் விரித்தார். ஃபைலுக்குள் அதே படிவம் இன்னும் ஒரு கட்டு இருந்தது.

"ஆறுதலா எழுதுங்கோ, மாஸ்டர்," என்று பேனையை நீட்டினார்.