ஆறட்டும்

உலகக் கிரிக்கெட் வரலாற்றில் துவைத்த கிளவுஸால் பிடிக்கப்பட்ட கேட்ச் என்று ஒன்றுகூட இல்லை என்பது தணிகாசலத்தின் முடிவு. பந்துக்கு மோப்பம் உண்டு. பழைய வியர்வையை அடையாளம் கண்டுதான் அது கைக்கு வந்து சேருகிறது. சோப்பு வாசனை அடித்தால் வேற்றாள் என்று பயந்து பவுண்டரிக்கு ஓடிவிடுகிறது. எம்.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு மாணவன் சொன்னதால் இதை மறுக்க யாரும் முன்வரவில்லை. கல்லூரி அணியின் விக்கெட் கீப்பர் அவன்தான். அந்த ஆண்டு அவன் கோட்டைவிட்ட கேட்சுகள் பதினொன்று. அத்தனைக்கும் காரணம், அறைத்தோழன் ரமணா கிளவுஸைத் திருட்டுத்தனமாகத் துடைத்து வைத்ததுதான் என்று தணிகாசலம் அணித்தலைவனிடம் எழுத்துமூலம் தெரிவித்திருந்தான்.

கிளவுஸும் ரமணாவுடையதுதான். காலில் கட்டும் பேடு, மட்டை, முள் வைத்த ஷூ, இவற்றையெல்லாம் சுமக்கும் நீளமான பை எல்லாம் ரமணாவுடையவை. தணிகாசலத்துக்குச் சொந்தமாக இருந்தது கருத்து மட்டும்.

ரமணா சித்தூர்க்காரன், வீட்டில் தெலுங்கு. தணிகாசலம் திருத்தணிப் பக்கம். திருப்பதியில் ஒரு மாடி அறையில் இரண்டு வருடம் ஒன்றாகக் குடியிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ரமணா பால்கனியில் உட்கார்ந்துவிடுவான். ஈரத்துணியால் பேடின் வார்களை ஒவ்வொன்றாகத் துடைப்பான். பழைய பல் பிரஷ்ஷால் ஷூவின் முட்களுக்கு நடுவே இருக்கும் மண்ணை நோண்டி எடுப்பான். ஷூவுக்குள் தினத்தாளைக் கசக்கித் திணிப்பான். மட்டையின் முகத்தில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசுவான். வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும் என்று எல்லாவற்றையும் நிழலில்தான் சாய்த்து வைப்பான். தணிகாசலம் கட்டிலில் படுத்தபடியே வர்ணனை செய்வான்.

"குருக்களே, அபிஷேகம் ஆயிடுச்சா? ஜனங்க க்யூவுல நின்னுக்கினு கீறாங்க."

ரமணா சிரித்ததில்லை. கோபித்துக்கொண்டதும் இல்லை.

மே மாதம் ரமணா ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சித்தூர் போனவன், வீட்டில் ஒன்பது நாள் தங்கிவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஓவரில் மழை கொட்டியது. தணிகாசலம் சொட்டச் சொட்ட எல்லாவற்றையும் பையில் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, கட்டிலுக்கடியில் காலால் தள்ளிவிட்டான். கொள்கைப்படிதான் செய்தான்.

திரும்பி வந்த ரமணா ஜிப்பைத் திறந்தபோது அறையை விட்டு இருவருமே வெளியே வர வேண்டியதாயிற்று. பேடுகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. கிளவுஸின் உள்ளங்கை கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தது. தணிகாசலத்துக்கு மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தபோது வெளியே வந்தது வேறு.

"காளான் நல்லா வந்துகீதுடா. மெஸ்ஸுல குடுத்தா மசாலா போட்டுத் தருவாங்க."

ரமணா பொழுது சாயும் வரை துடைத்தான். ஈரப் பேடுகளைப் பால்கனிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே வந்து துணிமணிகளை மட்டும் மூட்டை கட்டினான். சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது, மறுநாளே சேர வேண்டும், கல்லூரித் தேர்வும் முடிந்துவிட்டதால் இனி அறைக்கு வரவேண்டியதில்லை என்று நாலு வாக்கியத்தில் சொன்னான். காலையில் அவன் கிளம்பும்போது தணிகாசலம் போர்வைக்குள் தூங்குவதுபோல் படுத்திருந்தான். விழித்திருந்தால் மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

அன்று மத்தியானம் ரமணாவுக்குச் செய்தி அனுப்பினான். பேடை உள்ளே எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டான். பதில் வரவில்லை. சாயங்காலம் இன்னொன்று அனுப்பினான். கோபமா என்று கேட்டான். சற்று நேரத்தில் ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு தெலுங்குச் சொல் வந்தது.

தணிகாசலம் அதை 'ஆரணி' என்று படித்தான். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒருவன் வேலூரைத் தாண்டி ஆரணிக்கு எதற்குப் போகிறான் என்று அவனுக்கு விளங்கவில்லை. கூழ் ஆலைக்காரர்கள் பட்டுப்புடவை எடுக்க அனுப்பியிருப்பார்களோ என்றுகூட யோசித்தான். கடைசியில் மெஸ்ஸில் தோசை ஊற்றும் பாலையாவிடம் கேட்டான். பாலையா புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். இரண்டு பாஷையும் ஒரே கரண்டியில் வரும்.

"ஊரு இல்ல பா. ஆறட்டும்னு சொல்றாரு. சூடா எதுனா குடுத்தியா அவருக்கு?"

"குடுத்தேன்" என்றான் தணிகாசலம்.

விஷயம் அவனுக்குத் தெளிவாகிவிட்டது. கோபம் ஆறட்டும், அதுவரை பேசாதே என்கிறான் நண்பன். நியாயமான கோரிக்கை. இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, உறுத்துகிற கேள்வியை மட்டும் ஞாபகத்தில் வைத்திருப்பது தப்பு செய்தவர்களின் வழக்கம். அவன் ஆறவிட்டான்.

முதல் வாரம் சுலபமாக இருந்தது. இரண்டாவது வாரம் டீக்கடையில் பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டு, இரண்டையும் அவனே குடித்தான். மூன்றாவது வாரம் ப்ராஜெக்ட் அறிக்கையை எழுத உட்கார்ந்தவன், வழிகாட்டிப் பேராசிரியரைப் பற்றி ஒரு நல்ல நக்கல் தோன்றி, சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். எதிரே காலிக் கட்டில். ரமணா இருந்தாலும் சிரித்திருக்க மாட்டான். ஆனால் சிரிக்காமல் இருப்பதற்கும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அன்றைக்கு முழுக்க அவன் பேசியது பாலையாவிடம்தான், அதுவும் சட்னி பற்றி.

பால்கனிப் பேடுகளை அவன் தொடவில்லை. ஆறாத கோபத்தில் கை வைப்பதுபோல் இருந்தது. தூசி படிந்தது. புறாக்கள் தங்கள் பங்கைச் செலுத்தின.

இருபத்தாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சித்தூர் பஸ் ஏறினான். மன்னிப்பை வழியெல்லாம் தெலுங்கில் ஒத்திகை பார்த்தான். ஆலை வாசலில் மாங்காய் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஷிப்ட் இடைவேளைக்கு ரமணா தலையில் வலைத்தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்தான். கை மணிக்கட்டு வரை மஞ்சள். இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தோளில் தட்டினான்.

"ஆரிந்தா ரா?"

ஆறிவிட்டதா என்று கேட்கிறான். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டான். "அத்த நீதான்டா சொல்லணும்."

"நான் எப்டிரா சொல்றது? நான் இங்க கீறேன், பேடு உன்கிட்ட கீது."

"பேடா?"

"நீதானே கேட்ட, உள்ள எடுத்து வெக்கட்டுமான்னு. ஈரம் ஆறட்டும், காயட்டும்னு சொன்னேன்."

"அப்ப கோவம்?"

"ஏ கோவம்?" என்றான் ரமணா. எந்தக் கோபம் என்று நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

தணிகாசலம் ஆரணியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு வருடத்தில் முதல் முறையாக ரமணா சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் நின்ற ஆலைத் தோழனைக் கூப்பிட்டு, வேகமான தெலுங்கில் கதையைச் சொல்ல, அவனும் சிரித்தான். தணிகாசலத்துக்குப் புரிந்தது 'ஆரணி' மட்டும்தான். அவனும் சேர்ந்து சிரித்துவைத்தான். ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பை எந்த இடத்தில் நுழைப்பது என்று தெரியவில்லை.

சங்கு ஊதியது. சீசன் முடியும்வரை ஞாயிறும் வேலைதான், ஆட்டமெல்லாம் போயே போயிற்று, அந்தப் பையை நீயே வைத்துக்கொள் என்று ரமணா சொல்லிக்கொண்டே நடந்தான். குரலில் வருத்தம்கூட இல்லை. வாசலுக்குள் நுழையும்போது அந்தத் தோழன் ஏதோ சொன்னான். ரமணா மறுபடியும் சிரிப்பது கேட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கோபம் என்று ஒன்று இருந்திருந்தால், ரமணா இந்த இருபத்தாறு நாளில் ஒரு தடவையாவது தன்னை நினைத்திருப்பான் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. பாகாலா தாண்டும்போது அதை ஒரு வேடிக்கையாக மாற்றிப் பார்க்க முயன்றான். வரவில்லை.

மறுநாள் காலை, முதலில் பால்கனியைக் கழுவினான். வாளியில் தண்ணீர் பிடித்து, துணியை நனைத்துப் பிழிந்து, புறா எச்சத்தை ஊறவைத்து எடுத்தான். பேடின் வார்களை ஒவ்வொன்றாக விரலில் சுற்றித் துடைத்தான். ஒரு பேடில் ஆறு வார் இருக்கும் என்று நினைத்திருந்தான், மூன்றுதான். கிளவுஸின் விறைத்த உள்ளங்கையை நெடுநேரம் விரித்து விரித்து மடக்கினான். ஷூவுக்குள் ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் பிரதியைக் கசக்கித் திணித்தான். எல்லாவற்றையும் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான்.

பத்து மணிக்கு வெயில் பால்கனிக்குள் நுழைந்து பேடின் நுனியைத் தொட்டது. எழுந்து, நிழலுக்கு இழுத்து வைத்தான். கொஞ்ச நேரத்தில் வெயில் அங்கேயும் வந்தது. மறுபடி இழுத்தான்.