ஜன்னலம்மா வீடு பார்த்தாள்

அக்கம்பக்கத்தில் அவளை எல்லோரும் ஜன்னலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தவள். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, எதற்கு என்ன துணி, எவ்வளவு சுருக்கம், தரை வரைக்கும் தொங்க வேண்டுமா, திட்டோடு நிற்க வேண்டுமா என்று சொல்லிவிட்டு வருவது அவள் வேலை. ஓர் அறைக்குள் நுழைந்தால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பாள். கணவர் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுத்தவர். ஊருக்கு அவர் பல்செட்காரர். "அவர் வாயைப் பார்ப்பார், நான் ஜன்னலைப் பார்ப்பேன். நாங்க ரெண்டு பேரும் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டதே இல்ல" என்று சொல்லிச் சிரிப்பாள்.

மறதி அவளுக்குப் பனி இறங்குகிற மாதிரி வந்தது. முதலில் தூரத்து மரங்கள் போயின: பழைய கடை முதலாளி, ஒன்றுவிட்ட தங்கைகள், யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது என்பதெல்லாம். அப்புறம் எதிர்வீடு. அப்புறம் கைக்கெட்டுகிற அடுப்பு. பல்செட்காரர் அடுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ரவிக்கைக் கொக்கியைப் போட்டுவிட்டார், தலை வாரிவிட்டார், ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னார். மகள் வெளியூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், "ஓடுதும்மா, ஒண்ணும் குறையில்ல" என்றார்.

ஒரு நாள் அவள் எதிர்வீட்டுக் கூடத்துக்குள் போய் ஜன்னலைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கூட்டி வந்து விட்டார். அது சிரிக்கிற விஷயமாகவே போயிற்று. ஆனால் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அவளைக் காணவில்லை. தெருத்தெருவாக அலைந்து, கடைசியில் பாதி கட்டி நிற்கிற ஒரு கட்டடத்தின் மாடியில் கண்டுபிடித்தார்கள். சட்டமோ கம்பியோ இல்லாத ஜன்னல் ஓட்டையில் பாதி உடம்பை வெளியே நீட்டி, அந்தப் பக்கத்து விளிம்பைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்செட்காரர் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். இருவரும் சிமெண்ட் மூட்டைகள்மேல் விழுந்தார்கள். "நல்ல ஜன்னல்ங்க" என்றாள் அவள், மூச்சு வாங்க. "ஆனா துணி நிக்காது. காத்து கொண்டு போயிடும்."

மறுநாள் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: இனிமேல் ஒரு ஆளால் முடியாது. மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளவே இல்லங்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். மகள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

முதல் இடத்துக்குக் கிளம்பிய காலையில் தூறிக்கொண்டிருந்தது. மகள் காரை ஓட்டினாள். பின் சீட்டில் ஜன்னலம்மா கண்ணாடியில் வழிகிற தண்ணீரை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தாள். கண்ணாடிக்கு வெளியே கடைகள், மரங்கள், குடைகள் எல்லாம் கரைந்து கரைந்து போயின.

"எங்க போறோம்?" என்றாள்.

"ஒரு இடம் பார்க்கப் போறோம்மா" என்றாள் மகள்.

"வீடா?"

மகள் கண்ணாடித் துடைப்பானை வேகமாக்கினாள். பல்செட்காரர்தான், யோசிக்காமல், "வீடுதான்" என்றார்.

"அப்பாடா! எத்தனை நாளைக்குத்தான் உங்க அண்ணன் வீட்ல ஒண்டிக்கிட்டு இருக்கறது? அண்ணி நல்லவங்கதான், ஆனா பாத்திரத்தை டமடமன்னு வைக்கும்போதே தெரியலையா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தது கல்யாணமான புதிதில். அண்ணனும் அண்ணியும் போய்ச் சேர்ந்தே வெகுகாலமாகிவிட்டது. அந்த வருடம் முழுக்க இவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருத்தெருவாக வீடு தேடி அலைந்தார்கள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பெண். அவர் தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அவள் அவர் காதருகே வந்து, "வண்டி ஓட்டற பொண்ணு யாரு? தரகரா?" என்று கேட்டாள்.

ரகசியம் பேசுவதாக அவள் நினைத்தாளே ஒழிய, கார் முழுக்கக் கேட்டது. மகள் சாலையையே பார்த்தாள். துடைப்பான் இரண்டு தடவை போய் வந்தது. "ஆமாங்க, தரகர்தான்" என்றாள் மகள். அதற்கப்புறம் கொஞ்ச தூரம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினாள்.

முதல் இடம் பளபளவென்று இருந்தது. வாசலில் பெரிய மீன்தொட்டி, கால் புதைகிற கம்பளம். சிரிப்பை அழிக்காமல் பேசுகிற ஒரு மேலாளர் அம்மா எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். சாப்பாட்டுக் கூடத்தில் மதிய நேரம். முதியவர்கள் வரிசையாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். பல்செட்காரரின் கண் பழக்கதோஷத்தில் வாய்களுக்குப் போயிற்று. முக்கால்வாசிப் பேருக்கு வாயில் பல்செட் இல்லை. கன்னங்கள் ஒட்டிப்போய், உதடுகள் உள்ளே மடிந்திருந்தன. பல்செட் இல்லாதவர்கள் அல்ல; ஈறு படிந்திருந்த வடிவிலேயே தெரிந்தது, இதுவரை போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். காலையில் போட்டுவிட யாருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான். எல்லாச் சாப்பாட்டையும் சூப்பாக்கிவிட்டால் வேலை சுலபம்.

அவர் வாசலைப் பார்க்க நடந்தார். ஜன்னலம்மாதான் மீன்தொட்டியைக் காட்டி, "இவ்வளவு தண்ணி இருக்கு, குளியலறைல வருமா?" என்று கேட்டு மேலாளரைத் திணறடித்தாள்.

இரண்டாவது இடம் ஒரு சின்ன வீடு. பார்த்துக்கொள்கிற இரண்டு பெண்களும் தங்கமானவர்கள். ஒரு பாட்டிக்கு ஒருத்தி நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலையும் ஊதி ஊதி வெட்டினாள். பல்செட்காரருக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் யாரும் எட்டிக் குதித்துவிடக் கூடாதென்று ஜன்னல்களை எல்லாம் கூரையடியில் வைத்திருந்தார்கள். ஜன்னலம்மா அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தாள். பிறகு அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. இங்க பகல் எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னே தெரியாது."

காரில் ஏறியதும் மகள் வெடித்தாள். "அப்பா, நாம அம்மாவை ஏமாத்தறோம். வீடு பார்க்கறதா நினைச்சு எவ்வளவு ஆசையா வர்றாங்க பாருங்க."

"நீ உண்மையைச் சொல்லு பார்ப்போம்" என்றார் அவர். கோபமில்லை, கெஞ்சல்தான்.

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்துத் தரகரிடம் காட்டுகிற மரியாதைச் சிரிப்பொன்று சிரித்து, "கஷ்டப்படுத்தறோமா உங்களை? இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்த்துடலாம்" என்றாள். மகள் சாவியைத் திருகினாள்.

மூன்றாவது இடம் ஊர் ஓரத்தில். மாடி கிடையாது. நடுவில் ஒரு முற்றம், அதைச் சுற்றி அறைகள், அறைகளுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகிற நடைபாதை. எங்கிருந்து நடக்க ஆரம்பித்தாலும் கொண்டுபோய் ஆரம்பித்த இடத்திலேயே விட்டுவிடும். இரண்டு மூன்று பேர் அதில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள், தண்ணீருக்கடியில் நடப்பவர்கள் போல. ஒரு தாத்தா ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று, "போயிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவருக்குப் பல்செட் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

தலைமை நர்ஸ் காலியான ஓர் அறையின் வாசலில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை விடாமலே பேசினார். "உள்ள போய்ப் பாருங்கம்மா. உங்களுக்கு ஒத்து வருதான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் ஜன்னலம்மாவிடம். வேறெங்கும் அவளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அறைக்குள் மேற்கு வெயில் ஒரு துணியைப் போல மடிந்து விழுந்திருந்தது. ஜன்னல் அகலம். வெளியே கம்பி, உள்ளே உட்காருகிற அளவுக்குத் திட்டு. ஜன்னலம்மா கையை விரித்து அளந்தாள். உதடுகள் எண்ணிக்கையை முணுமுணுத்தன. பிறகு திட்டில் உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"வீட்டுக்காரம்மா!" என்று நர்ஸைக் கூப்பிட்டாள். "சுவத்துல ஆணி அடிச்சா சண்டைக்கு வருவீங்களா?"

"நீங்க அடிக்க வேண்டாம், சொல்லுங்க, நாங்களே அடிச்சுத் தர்றோம்."

"விருந்தாளி வந்தா?"

"தாராளமா வரட்டும்."

"நாங்க ரெண்டே பேருதான். சத்தம் போட மாட்டோம்" என்றாள் ஜன்னலம்மா. "இவருக்குக் குறட்டை உண்டு, அதை மட்டும் பொறுத்துக்கணும்."

நர்ஸின் கை மடிப்பில் நின்றது. அவர் பல்செட்காரரைப் பார்த்தார். அந்த அறையில் ஒரு கட்டில்தான் இருந்தது. நோயாளிகளைத் தவிர வேறு யாரும் அங்கே தங்க முடியாது என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். நர்ஸ் மகளின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பல்செட்காரர் திட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இவ்வளவு நாள் பேசாமல் சமாளித்தாயிற்று. இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு எப்போதும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது என்று பட்டது.

"இங்க பாரு," என்றார். "நீ மட்டும்தான் இங்க இருக்கப் போற. நான் இப்ப இருக்கற வீட்லயே இருப்பேன். தினமும் வருவேன். ஆனா ராத்திரி தங்க விட மாட்டாங்க."

அவள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். வெயில் திட்டைத் தாண்டி அவள் மடியில் ஏறியது. பனிக்குள் ஏதோ அசைவது போல அவள் கண்ணில் ஒன்று வந்து வந்து போயிற்று. எல்லாம் தெரிந்துவிட்டதோ என்று அவர் பயந்தார்.

"எனக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள், வேறு குரலில்.

"ஆமா."

"உங்களால முடியலையா?"

அவர் தலையசைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதீங்க. மூக்கு ஒழுகுது" என்று புடவைத் தலைப்பால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு அந்தக் குரல் போய்விட்டது. அவள் மறுபடியும் காலை ஆட்ட ஆரம்பித்தாள். "சரி, வேலை முடிஞ்சு சாயங்காலம் வந்துடுவீங்கல்ல? அது போதும். பகல்ல எந்தப் புருஷன் வீட்ல இருக்கான்?"

அப்படித்தான் அந்த இடம் முடிவாயிற்று.

சேர்த்த முதல் வாரங்கள் சொல்லும்படியாக இல்லை. அவள் கதவைத் தட்டினாள், அண்ணியைக் கூப்பிட்டாள், ஒரு நாள் சாப்பிட மாட்டேனென்று தட்டைத் தள்ளிவிட்டாள். பல்செட்காரர் வீட்டுக்குப் போனால் அங்கே இரண்டு டம்ளர் எடுத்து டீ ஊற்றிவிட்டு நின்றார். மகளுக்குப் போன் போட்டு, "கூட்டிட்டு வந்துடறேன்" என்றார். "ஒரு வாரம் பொறுங்கப்பா" என்றாள் மகள். அடுத்த வாரமும் அதையே சொன்னார், அவளும் அதையே சொன்னாள்.

மெல்ல மெல்ல ஜன்னலம்மா நடைபாதையில் நடக்கப் பழகினாள். சுற்றி வருகிற தாத்தாவுக்கு, "வந்தாச்சா? உட்காருங்க" என்று பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவர் பதில் கிடைத்த ஆச்சரியத்தில் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாராம். நர்ஸ் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பல்செட்காரர் சாயங்காலம் வந்தால், "இன்னிக்கு வேலை ஜாஸ்தியா?" என்பாள். "ஜாஸ்திதான்" என்பார். ஓய்வு பெற்றவருக்கு அந்தக் கேள்வி உடம்பெல்லாம் இனித்தது.

ஒரு சாயங்காலம் அவள் அப்படிக் கேட்கவில்லை. எழுந்து நின்று, "வாங்க சார், உட்காருங்க" என்றாள். கடையில் வாடிக்கையாளரை வரவேற்கிற குரல்.

அவர் வாடிக்கையாளரைப் போலவே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எந்த ரூமுக்குப் பார்க்கறீங்க?"

"படுக்கை அறைக்கு" என்றார், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"வெயில் எந்தப் பக்கம்?"

"காலை வெயில். ஜன்னலுக்கு வெளியே ஒரு குழாய் போகுது. ஒரு புறா அதுல வந்து உட்காரும்." அவர்கள் வீட்டு ஜன்னலைத்தான் சொன்னார். அந்தப் புறாவை விரட்டி விரட்டி அவள் ஓய்ந்துபோன காலம் உண்டு. முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை; தொழில் பண்ணுகிறவளின் கவனம்தான் இருந்தது.

"வீட்ல எத்தனை பேரு?"

"நான் மட்டும்தான்."

அவள் யோசித்தாள். அருகிலிருந்த போர்வையின் ஓரத்தை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். "கனமான துணி போடாதீங்க சார். தனியா இருக்கறவங்க விடிஞ்சது தெரியாம படுத்தே கிடப்பாங்க. மெல்லிசா ஒண்ணு போதும். காலைல அதுவே எழுப்பி விடும்." பிறகு ஏதோ தோன்றியது போல, "சாப்பாடெல்லாம் எப்படி?" என்றாள்.

"நானே சமைச்சுக்கறேன்."

"நல்லா சாப்பிடுங்க. இளைச்சுப் போயிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். "கடை சாத்தற நேரம்." அவர் அவள் செருப்பைக் கழற்றி, போர்வையை இழுத்துவிட்டார். மூச்சு சீராகிற வரைக்கும் கட்டில் ஓரத்தில் இருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. பின்மாலை வெளிச்சம் ஒவ்வொரு சீட்டாக நகர்ந்தது. கண்ணயர்ந்தாரா, விழித்துக்கொண்டேதான் இருந்தாரா என்று அவருக்கே தெரியாது. அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் போனதும் கனவுக்குள் யாரோ கடந்து போனது போலத்தான் இருந்தது. வண்டி நின்றபோது பார்த்தால் கடைசி நிறுத்தம். வருஷக்கணக்காக அந்த வண்டியின் நெற்றியில் அந்த ஊர்ப்பெயரைப் படித்திருக்கிறார், வந்ததில்லை. இறங்கி நின்றார். எதிரே ஒரு பெரிய ஏரி. அப்படியொன்று இருப்பதே தெரியாது. தண்ணீர் அசையாமல், கடைசி வெளிச்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தது. கரையில் யாரோ ஒரு பெண் நாயோடு நடந்து போனாள்.

டிரைவர் சக்கரத்தை உதைத்துப் பார்த்துவிட்டு வந்து, "யார் வீட்டுக்குங்க?" என்று கேட்டார்.

"யார் வீட்டுக்கும் இல்ல. தூங்கிட்டேன்."

"அதனால என்ன, வண்டி கிளம்ப நேரம் இருக்கு. பாருங்க."

அவர் பார்த்தார். மறுநாள் அவளை வெளியே கூட்டிப் போகலாமா என்று நர்ஸிடம் கேட்க வேண்டும். ஒரு மணி நேரம் விட்டால் போதும். அவர் புருஷனாகவே போக வேண்டும் என்பதில்லை. வாடிக்கையாளராக இருந்தாலும் இந்தத் தண்ணீரைக் காட்டலாம். டிரைவர் ஹார்ன் அடித்தார். பல்செட்காரர் ஏறி, இந்தத் தடவை முன் சீட்டில் உட்கார்ந்து, தன் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி, வந்ததும் சத்தமாகக் கூப்பிடச் சொன்னார்.