சாப்பாட்டுப் பையில் மூன்று ஃபியூஸ்

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. ஓவன் சூடாகவில்லை. பதினோரு மணிக்கு லாரி வரும். அது வெறும் வண்டியாகத் திரும்பினால் எனக்கு வேலை போய்விடும்.

ஓவன் என்றால் கேக் சுடுகிற பெட்டி இல்லை. மராட்டியப் பக்கம் ஆகுர்டியில் நான் வேலை பார்க்கிற பட்டறையில் பைக்குக்குப் போகிற இரும்புச் சட்டங்களுக்குப் பவுடர் பெயிண்ட் அடித்து, அதற்குள் தள்ளிச் சுடுவோம். இரண்டு ஆள் உள்ளே நின்று வேலை செய்யலாம், அவ்வளவு பெரியது. நூற்றெண்பது டிகிரியில் கால் மணி நேரம் வெந்தால்தான் பவுடர் உருகி இரும்பில் பிடிக்கும். வேகாவிட்டால் தொட்ட விரலில் மாவு மாதிரி வந்துவிடும். போன மாதம் அப்படி இரண்டு தடவை சரக்கு திரும்பி வந்தது. இன்னொரு தடவை சரக்கில் சிக்கல் வந்தால் எலெக்ட்ரீஷியனை மாற்று என்று முதலாளி சூப்பர்வைசர் ஜெபகுமாரிடம் சொல்லியிருந்தார். எலெக்ட்ரீஷியன் நான்தான். வயது ஐம்பத்திரண்டு. சர்டிபிகேட் கிடையாது. கேபிள் குழி வெட்டப் போய், கூட நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. இந்த வயதில் இன்னொரு இடத்தில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

முந்நூறு சட்டங்கள் பவுடர் பூசி ட்ராலியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஃபேன் ஓடியது, அதற்கும் பொத்தானுக்கும் தனி லைன். சூடு காட்டுகிற முள் மட்டும் முப்பத்தொன்றிலேயே நின்றது. பொத்தானை அழுத்தினேன். ஹீட்டருக்கு மின்சாரம் விடுகிற கான்டாக்டர் டக் என்று விழுந்தது. அது விழுந்தால் கரண்ட் உள்ளே போகிறது என்றுதான் கணக்கு. அப்படியென்றால் பின்னால் ஹீட்டர் கம்பியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன்.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம்தான் மூன்றுக்கும் புதுக் கம்பி கட்டியிருந்தேன். நான் கட்டியது போகாது என்ற திமிர். வேறு ஆள் கட்டியதாக இருந்தால் முதலில் அதைத்தான் திறந்திருப்பேன்.

மெயின் லீவரை இறக்கிவிட்டு ஓவனுக்குப் பின்னால் போனேன். தகட்டைக் கழற்றி, தோளை ஓவன் இரும்பில் சாய்த்துக்கொண்டு, கையை உள்ளே விட்டேன். ஹீட்டர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகிற செம்புப் பட்டை அங்கே மூடாக்கு இல்லாமல் ஓடுகிறது. அதில் ஒரு போல்ட் லேசாக இருந்தது. இரண்டு விரலால் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைப் போட்டேன்.

முன்பக்கம் ஜெபகுமார் வந்தது எனக்குத் தெரியாது. கம்ப்ரெஸர் சத்தம். அவன் கண்ணுக்கு நானும் தெரியவில்லை. இறங்கியிருந்த லீவர்தான் தெரிந்திருக்கிறது.

"சாமிண்ணே, கண்டுபுடிச்சிட்டேன். மெயினே பந்த், ஆஃப்ல இருக்குது. இதைப் பார்க்காம எங்க போனீங்க?"

லீவரைத் தூக்கினான். பொத்தானை அழுத்தினான்.

என் தலைக்கு மேலே டக்.

விரல் பட்டையில் இருந்தது, தோள் இரும்பில் இருந்தது. அந்தப் பட்டையில் வருகிற கரண்ட் ஆளைத் தள்ளிவிட்டு விளையாடுகிற ஜாதி இல்லை. பிடித்தால் பிடித்ததுதான். ஆனால் ஒன்றுமே ஆகவில்லை. செம்பு சில்லென்று கிடந்தது. கையை வெளியே எடுத்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தேன். நான் எங்கிருந்து வருகிறேன், கையில் என்ன இருக்கிறது என்பதை ஜெபகுமார் பார்த்தான். இங்கேயே பக்கத்தில் காட்கியில் பிறந்தவன், மூச்சுவிடாமல் மூன்று பாஷை பேசுவான். அப்படிப்பட்டவன் பவுடர் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். நான் லீவரை இறக்கிவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். ஹீட்டருக்கான மூன்று பீங்கான் ஃபியூஸும் அங்கே இல்லை. பல் விழுந்த மாதிரி மூன்று வெற்று இடம்தான் இருந்தது.

ஒன்பதே காலுக்கு சத்தியவதி ஓடி வந்தாள். தாப்போடியிலிருந்து ரயிலில் வருகிறவள். வியாழக்கிழமை எங்கள் பக்கம் பட்டறைகளுக்கு வார விடுமுறை. ஓவன் ஆறிக் கிடக்கிற அந்த ஒரு நாளில் உள்ளே படிந்த பவுடரைச் சுரண்டித் துடைப்பது அவள் வேலை. நாங்கள் யாரும் கூட இருக்க மாட்டோம். வந்தவள் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். டப்பாவுக்கு அடியில் துண்டில் சுற்றி மூன்று ஃபியூஸும் இருந்தன.

"திட்டாதீங்கண்ணே. உள்ள ஈரத்துணி போட்டுத் தொடச்சேன், காயலை. யாராவது வந்து ஓவனைப் போட்டுட்டா என்னா பண்றதுன்னு கழட்டி எடுத்துக்கினு போய்ட்டேன். எட்டு மணிக்கே வந்து மாட்டிடலாம்னு இருந்தேன், லோக்கல் லேட்டு."

ஓவனுக்குள் போகிற ஒவ்வொரு வியாழக்கிழமையும் இப்படிக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, முடிந்ததும் மாட்டிவிடுவாளாம். அவள் அப்பா ராணுவத்துக்குக் குண்டு செய்கிற அம்யூனிஷன் ஃபேக்டரியில் இருந்தவர். மிஷினுக்குள் கை வைக்கிற ஆளிடம்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டமாம். ஒன்றரை வருடமாக எங்கள் ஃபியூஸ் அவள் பையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது. நான் கம்பி மட்டும் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜெபகுமார் வாயைத் திறந்தான். லாரியைச் சொல்லிக் கத்தப்போகிறான் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் வராதே என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"நீ லேட்டா வந்ததாலதாம்மா நான் உயிரோட நிக்கிறேன்."

அவளுக்குப் புரியவில்லை. நடந்ததை ஜெபகுமார்தான் சொன்னான், பதற்றத்தில் இந்தியில், தரையைப் பார்த்துக்கொண்டு. கேட்டுவிட்டு அவள் என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி.

ஃபியூஸ்களை மாட்டினேன். முள் எழுந்தது. ஐம்பது, தொண்ணூறு, நூற்றிருபது. அது ஏறுவதை அத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரி நின்று பார்த்ததில்லை. லாரி அரை மணி நேரம் காத்திருந்து, நிறைந்து போனது.

முதலாளி போனில் ஏன் தாமதம் என்று கேட்டார். ஜெபகுமார் எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்தான். தப்பு என்னுடையது, பார்க்காமல் மெயினில் கை வைத்துவிட்டேன், சாமிண்ணன் இல்லாவிட்டால் வண்டி போயிருக்காது என்று சொன்னான். நல்லவன் என்பதால் மட்டும் சொல்லவில்லை, பயந்துபோயிருந்தான். எதுவாக இருந்தால் என்ன, என் வேலையும் பிழைத்தது, அவள் வேலையும் பிழைத்தது.

மத்தியானம் சத்தியவதி அவளுடைய எலுமிச்சைச் சோற்றில் பாதியை என் டப்பா மூடியில் வைத்தாள். ரொம்ப நன்றி என்று சொல்லலாம் என்று இருந்தேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைப் பேசிப் பழக்கம் இல்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

லீவருக்குப் பூட்டு கேட்டேன், ஒரு மாதம் கழித்து வந்தது. பூட்டு இருந்தாலும், ஓவனில் கை வைக்கும் முன் மூன்று ஃபியூஸையும் கழற்றுகிறேன். சத்தியவதி இருந்தால் அவள் பையில் போட்டுவிடுவேன். வேலை முடிந்து கேட்டால் உடனே தர மாட்டாள்.

"ரெண்டு கையும் காட்டுங்கண்ணே" என்பாள்.

நீட்டிக் காட்டுவேன். பத்து விரலையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தருவாள்.